டிமை தாளின் ஓரத்தில் ஒரு கேள்வி

நீண்ட பதிவு. நேரமுள்ளவர்கள் இப்போது வாசியுங்கள். மற்றவர்கள் இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசிக்கலாம்.

போன தவணை தரம் 11 வகுப்பில் தேசிய மறுமலர்ச்சி பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். 41 பிள்ளைகள். ஆறு குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு டிமை தாளும் இரண்டு பிளாட்டிக்னம் பேனையும் கொடுத்தேன். ஒரு குழுவுக்குப் பாணந்துறை விவாதம், ஒரு குழுவுக்கு நாவலர், ஒரு குழுவுக்குச் சித்திலெப்பை, இப்படி. ஆசிரியராக இருந்தவர்களுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. எழுத்து அழகான பிள்ளை எழுதும். வாயுள்ள பிள்ளை முன்னால் வந்து வாசிக்கும். இரண்டு பேர் தாளின் மூலைகளைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மற்றவர்கள் யன்னலால் வெளியே பார்ப்பார்கள். மணி அடித்துவிடும்.

பாணந்துறைக் குழுவில் ஒரு பிள்ளை, கடைசி வாங்கில் இருப்பவள், அந்த 40 நிமிடமும் வாய் திறக்கவில்லை. கணிப்பீட்டுப் படிவத்தில் ‘குழுச் செயற்பாட்டில் பங்கேற்பு’ என்ற கட்டத்தில் அவளுக்கு 5க்கு 2 போட்டேன். பின்னேரம் தாள்களைச் சுருட்டிக் கட்டும்போதுதான் பார்த்தேன். அந்தக் குழுவின் தாளில், கீழ் ஓரத்தில், பென்சிலால், எறும்பு ஊர்ந்த மாதிரிச் சின்ன எழுத்தில் ஒரு வரி: “அந்த நேரம் எங்கட ஆக்கள் எங்க ஈந்த?”

அன்றைக்கு அந்த வகுப்பில் எழுந்த ஒரே வரலாற்றுக் கேள்வி அதுதான். அதைக் கேட்ட பிள்ளைக்குத்தான் நான் 2 புள்ளி போட்டிருந்தேன்.

அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத் தேடப் போய், அது ஊருக்கே சொல்ல வேண்டிய கதையாக வளர்ந்துவிட்டது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

முதலில் பாணந்துறையிலிருந்தே தொடங்குவோம். 1873 ஓகஸ்ட் 26, 28 ஆகிய இரண்டு நாட்கள். ஒரு பக்கம் மீகெட்டுவத்தே குணானந்த தேரர். மறுபக்கம் டேவிட் டி சில்வா பாதிரியாரும் சிறிமான்ன என்ற உபதேசியாரும். ஆயிரக்கணக்கில் சனம். பரீட்சைக்காக நாம் பிள்ளைகளுக்கு ஆண்டையும் பெயர்களையும் பாடமாக்கிக் கொடுக்கிறோம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அந்த விவாதம் நடந்த ஒழுங்கு. காலையில் 2 மணித்தியாலம், பின்னேரம் 2 மணித்தியாலம். ஒருவர் ஒரு மணித்தியாலம் பேசினால் அடுத்த ஒரு மணித்தியாலம் மற்றவருக்கு. எதிராளி தன் மார்க்கத்தைப் பற்றி என்ன சொன்னாலும் அவருடைய மணித்தியாலம் முடியும்வரை கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவு பெரிய கூட்டம், அவ்வளவு சூடான விஷயம், ஆனாலும் கலவரம் இல்லாமல் கலைந்தது. இது திடீரென்று வந்த பழக்கமும் அல்ல. அதற்கு முன்னரே பத்தேகம, உதன்விட்ட, நம்முடைய கம்பளை என்று பல இடங்களில் இதே மாதிரி விவாதங்கள் நடந்திருந்தன. கம்பளையில் நடந்தது 1871இல். கம்பளை டவுனுக்கு நாளாந்தம் போய் வரும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அந்த விவாதம் மேடையோடு முடியவில்லை. ‘சிலோன் டைம்ஸ்’ பத்திரிகை அதை ஆங்கிலத்தில் அறிக்கையாக வெளியிட்டது. அது புத்தகமாகி அமெரிக்கா வரை போனது. அதை வாசித்த கேணல் ஒல்கொட் 1880இல் இலங்கைக்கு வந்து இறங்கினார். அதன் பின்னர் நாடெங்கும் பௌத்த பாடசாலைகள் எழுந்தன. மேடையில் பேசியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். கேட்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். பத்திரிகையில் எழுதியவர்கள் இன்னும் சிலர். வாசித்தவர்களில் ஒருவர் கப்பலேறி வந்தார். இதில் யார் பங்குபற்றினார்கள், யார் பங்குபற்றவில்லை என்று என்னுடைய படிவத்தில் எந்தக் கட்டத்தில் புள்ளி போடுவது?

இனி அந்தப் பிள்ளையின் கேள்வி. எங்கட ஆக்கள் எங்கே?

அந்த விவாதம் இரண்டு தரப்புக்கு இடையிலானது. நாம் அதில் தரப்பாக இருக்கவில்லை. ஆனால் அதே காலத்தில் நாமும் வேறொரு வழியால் பொது இடத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தோம். நம் மலாய்ச் சகோதரர்கள் நமக்கு முன்னோடிகள். பாபா யூனுஸ் சல்தீன் என்பவர் 1869இலேயே கொழும்பில் ‘ஆலமத் லங்காபுரி’ என்ற பத்திரிகையை வெளியிட்டார். மலாய் மொழி, அரபு எழுத்து, கல்லச்சு. உலகத்தில் வெளிவந்த மிகப் பழைய மலாய்ப் பத்திரிகைகளில் ஒன்று அது. மலேசியாவில் அல்ல, கொழும்பில். (பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு வரியாவது கிடைத்திருக்கலாம் என்று எனக்கு ஒவ்வொரு வருடமும் தோன்றும்.)

பிறகு 1882 டிசம்பர் 21. கண்டியில் புரொக்டராக இருந்த எம்.சி. சித்திலெப்பை ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். நமது பிள்ளைகள் இந்தத் திகதியை மனப்பாடமாகச் சொல்வார்கள். ஏன் ஒரு சட்டத்தரணி, நல்ல வருமானத்தில் இருந்தவர், இந்த வேலையைத் தலையில் போட்டுக்கொண்டார் என்று கேட்டால் “சமூகத்துக்குச் சேவை” என்பார்கள். அந்தப் பதிலுக்கும் நான்தான் பொறுப்பு.

அந்தக் காலத்து நம் சமூகத்தை நினைத்துப் பாருங்கள். கண்டி, கம்பளை, மாத்தளை, மாவனல்லை, காலி, பேருவளை, புத்தளம், கிழக்கு என்று சிதறிக் கிடந்த ஊர்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பள்ளிவாசல், ஒரு மரைக்காயர் சபை. ஜும்ஆவில் கதீப் மிம்பரில் நின்று பேசுவார். மற்றவர்கள் கேட்பார்கள். கொத்பா நேரத்தில் பேசக்கூடாது என்பது மார்க்கம். அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை ஒரு மணித்தியாலத்துக்கு உரிய அந்த மௌனத்தை, ஊர் விஷயம், பாடசாலை விஷயம், அரசாங்க விஷயம் எல்லாவற்றுக்கும் வாரம் முழுக்க நீட்டி வைத்துக்கொண்டவர்கள் நாம். ஒரு ஊரில் இருக்கும் பிரச்சினைதான் அடுத்த ஊரிலும் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே வழியில்லாத காலத்தில் ‘முஸ்லிம் நேசன்’ வந்தது. ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்தன. அவை அச்சாகின. பதில்கள் வந்தன. அவையும் அச்சாகின. ஒரு சாதாரண ஆள் தன் பெயரோடு எழுதியதை அறிமுகமே இல்லாத இன்னொரு ஊர்க்காரர் வாசித்து மறுப்பு எழுதலாம் என்பது நமக்கு அப்போது புதிய அனுபவம்.

பத்திரிகை தொடங்கி மூன்று கிழமையில், 1883 ஜனவரியில், எகிப்தின் ஒறாபி பாஷா நாடுகடத்தப்பட்டு கொழும்பில் வந்து இறங்கினார். அவரைப் பார்க்கவென்று திரண்ட சனத்துக்கு அவர் யார், ஏன் தோற்றார், எகிப்தில் என்ன நடந்தது என்று தமிழில் சொல்ல ஒரு ஏடு கையில் இருந்தது. வெறும் வேடிக்கை பார்ப்பதற்கும் விஷயம் தெரிந்து பார்ப்பதற்கும் உள்ள தூரம் அது.

எல்லோரும் கைதட்டவில்லை. ஆங்கிலம் படிக்க வேண்டும், பெண் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று சித்திலெப்பை எழுதியபோது எதிர்ப்புக் கடுமையாக வந்தது. 1884இல் கொழும்பில் அவர் முயன்று தொடங்கிய பாடசாலை நிலைக்கவில்லை. சோர்ந்து போயிருக்கலாம். எழுதிக்கொண்டே இருந்தார். 1892இல் வாப்பிச்சி மரிக்கார் போன்றவர்களின் கை சேர்ந்து மருதானையில் மத்ரஸதுஸ் ஸாஹிரா எழுந்தது. இன்றைய ஸாஹிராக் கல்லூரி. 1884க்கும் 1892க்கும் இடைப்பட்ட 8 வருடமும் வாதாடி, எதிர்வாதம் கேட்டு, மறுபடி எழுதியதில்தான் அது சாத்தியமாயிற்று. 1898இல் அவர் வபாத்தானார். நான் அவரைப் பற்றிப் படிப்பிக்கும்போது அந்த எதிர்ப்பை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுவேன். அது பிழை. எதிர்த்தவர்களும் அந்தக் கலந்துரையாடலில் இருந்தவர்கள்தான். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்ததால்தான் சித்திலெப்பையின் எழுத்து அவ்வளவு கூராகியது.

இந்த இடத்தில் இன்னொரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். சிலருக்கு உறுத்தும், ஆனாலும் சொல்கிறேன். 1885இல் முஸ்லிம் விவாகப் பதிவுச் சட்டம் பற்றிச் சட்டசபையில் பேச்சு வந்தபோது, தமிழ்ப் பிரதிநிதியாக இருந்த பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர்கள் இனத்தால் தமிழர்களே என்ற கருத்தை முன்வைத்தார். 1888இல் அதை விரிவாக எழுதி, றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் கட்டுரையாக வாசித்தார். அவர் சொன்னது சரியா பிழையா என்பது வேறு விஷயம். என் கண்ணில் படுவது அந்த மண்டபம். நாம் யார் என்று அங்கே பேசப்படுகிறது. சட்டசபையில் நமக்கென்று ஒரு ஆசனம் அப்போது இல்லை. தமிழ்ப் பிரதிநிதியே நமக்கும் சேர்த்துப் பேசுவதாக ஏற்பாடு. 1889இல்தான் எம்.சி. அப்துல் ரஹ்மான் முதல் முஸ்லிம் அங்கத்தவராக நியமிக்கப்பட்டார்.

இராமநாதனின் கட்டுரைக்கு வரிக்கு வரி மறுப்பாக ஒரு நூல் வந்தது எப்போது தெரியுமா? 1907இல். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் எழுதியது, ஆங்கிலத்தில். 19 வருடம்! இன்றைக்கு 19 நிமிடம் பொறுக்காமல் கொமண்ட் போடுகிறோம். ஆனால் அந்தப் பதில் இன்றும் நிற்கிறது. 1957இல் மறுபதிப்பும் வந்தது. இராமநாதனை வாசிக்கும் எந்த ஆய்வாளரும் அஸீஸை வாசிக்காமல் தாண்ட முடியாது. இரண்டு பேருமே தத்தம் அரசியல் தேவைக்கு ஏற்றபடி வம்சக் கதையைக் கொஞ்சம் வளைத்தார்கள் என்பதே என் அபிப்பிராயம். வம்சம் என்பது அவ்வளவு நேர்கோடாக ஓடுவதில்லை. ஆனால் ஏச்சுக்கு ஏச்சு என்று போகாமல், எதிராளியின் வாதத்தை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, அதே மொழியில், அதே தரத்தில் மறுத்தார் அஸீஸ். வகுப்பில் குழுத் தலைவர் தன் குழுவில் யாரையும் கேட்காமல் “எங்கட குழுவின் கருத்து” என்று வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த 1888ஆம் ஆண்டு மண்டபம் ஞாபகம் வரும்.

சரி, எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் எழுதினார்கள். மற்றவர்கள்?

என் மூத்தப்பாவுக்கு ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. நான் சிறுவயதில் பார்த்தது அதன் கடைசிக் காலத்தை. காலை பஸ்ஸில் பத்திரிகைக் கட்டு வரும். கடைக்கு ஒரு தினகரன், பக்கத்துத் தையல் கடைக்கு ஒரு வீரகேசரி. தையல்கார நானாதான் வாசிப்பவர். சத்தமாக, பள்ளியில் கிதாபு வாசிப்பது போல ஒரு ராகத்தோடு. கேட்பவர்கள் பத்துப் பதினைந்து பேர். சம்பளம் போட்ட ஞாயிறுகளில் தோட்டத்து ஆட்களும் வந்து வாசலில் நின்று கேட்பார்கள். “நிப்பாட்டுங்கோ, அத திரும்ப வாசிங்கோ” என்று ஒருவர் குறுக்கிடுவார். “அது பொய், நான் அந்த இடத்துல ஈந்தவன்” என்பார் இன்னொருவர். தலையங்கத்தைவிட அந்தக் குறுக்கீடுகள் நீளமாக இருக்கும். ஒரு பிரதிதான் விற்றது என்று பத்திரிகைக் காரியாலயத்தில் கணக்கு எழுதியிருப்பார்கள்.

அந்தக் கடைக்குள் பெண்கள் இல்லை. அவர்களுக்கு வானொலி வந்தது.

1925 முடிவில் கொழும்பில் வானொலி ஒலிபரப்பு தொடங்கியது. 1949இல் அது ‘ரேடியோ சிலோன்’ ஆனது. 1967இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம். தமிழ்ச் சேவையின் பாட்டு நிகழ்ச்சிகளுக்குத் தென்னிந்தியாவிலிருந்தும் கடிதம் வந்த கதை எல்லோருக்கும் தெரிந்தது. பாட்டைக் கேட்பது ஒரு பக்கம். பாட்டுக்கு முன்னால் வாசிக்கப்படும் பெயர்ப் பட்டியலில் தன் பெயரும் ஊரும் வருமா என்று காத்திருந்தது இன்னொரு பக்கம். ஒரு தபாலட்டையில் ஒரு வீட்டிலிருக்கும் அத்தனை பேரின் பெயரையும் நெருக்கி எழுதி அனுப்பிய காலம் அது.

எங்கள் வீட்டில் அதைவிட முக்கியம் முஸ்லிம் நிகழ்ச்சி. அதிலும் பெண்களுக்கான ‘மாதர் மஜ்லிஸ்’. என் வாப்பும்மா ஊர்க் கூட்டம் எதிலும் பேசியவர் அல்ல. கலியாண வீட்டில்கூட மூலையில்தான் இருப்பார். அந்த வாப்பும்மா ஒருநாள் நிகழ்ச்சியில் கேட்ட ஒரு விஷயத்துக்கு மறுப்பாகத் தபாலட்டை எழுதிப் போட்டார். பெண் பிள்ளையின் படிப்பை நிறுத்துவது பற்றிய விஷயம் என்று எங்கள் மாமி சொல்வார். கடிதம் ஒலிபரப்பானது, பெயரோடும் ஊரோடும். அடுத்த நாள் மூத்தப்பாவின் நானா வீட்டுக்கு வந்து வாசலில் நின்றே பேசிவிட்டுப் போனாராம். “பொம்பிளட பேர் ரேடியோவில வாரதா?” வாப்பும்மா ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவருடைய தபாலட்டைகள் என் வாப்பாவின் பெயரில் போயின. அப்போது வாப்பாவுக்கு வயது 9. மாதர் மஜ்லிஸுக்கு ஒன்பது வயது ஆண் பிள்ளை கடிதம் எழுதுகிறானே என்று அங்கே இருந்தவர்கள் சிரித்திருக்கவும் கூடும். இன்றைக்குப் பெயர் மாற்றி, பூப் படம் போட்டு முகநூலில் எழுதும் சகோதரிகளைச் சிலர் ‘பேக் ஐடி’ என்று ஏளனம் செய்யும்போது எனக்கு அந்தத் தபாலட்டைகள்தான் கண்ணில் வரும்.

வானொலி பற்றி இன்னொன்று. நமக்குப் பக்கத்தில் நடந்தது, ஆனால் நம்மில் பலர் கவனிக்காதது. மகாவலித் திட்டத்தால் இடம்பெயர்ந்து குடியேறிய மக்களுக்காக 1981இல் மகாவலி சமூக வானொலி தொடங்கியது. யுனெஸ்கோவும் டென்மார்க்கும் உதவின. அதில் வேலை செய்தவர்கள் ஒரு கிராமத்துக்குப் போனால் உடனே மைக்கை நீட்டவில்லை. நாட்கணக்கில் அந்தக் கிராமத்திலேயே தங்கினார்கள். சனத்தோடு சேர்ந்து இருந்தார்கள், சாப்பிட்டார்கள், கதைத்தார்கள். பயம் தெளிந்த பிறகுதான் ஒலிப்பதிவு. அந்தப் பரம்பரையில் வந்ததுதான் 1980களின் இறுதியில் தொடங்கிய கொத்மலை சமூக வானொலி. நிலையம் கம்பளைக்கு அண்மையில் மாவத்துரவில். 1999இல் அங்கே இணையத்தையும் வானொலியையும் இணைத்தார்கள். வீட்டில் கணினி இல்லாத ஒரு விவசாயி தன் கேள்வியை அனுப்புவார். அறிவிப்பாளர் இணையத்தில் தேடி அதற்கான பதிலை ஒலிபரப்பில் சொல்வார். கேள்வி போனால் பதில் வரும் என்று தெரிந்த இடத்தில் சனம் கேட்டது. இதை வாசித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. 40 நிமிடப் பாடத்தில் முதல் நிமிடமே “எங்க, கதைங்க பாப்பம்” என்று பிள்ளைகளின் முன்னால் மைக்கை நீட்டுகிறவன் நான்.

1990களின் இறுதியில் தனியார் தமிழ் வானொலிகள் வந்தன. கோல் எடுத்துப் பேசும் காலம். பிறகு கையடக்கத் தொலைபேசி, பிறகு முகநூல், வட்ஸ்அப். இதையெல்லாம் நீங்களே பார்த்தவர்கள்.

2018 மார்ச்சையும் பார்த்தவர்கள். அதைப் பற்றி எழுதக் கை இன்னும் கூசுகிறது. தெல்தெனியவில் தாக்கப்பட்ட ஒரு சிங்கள லொறிச் சாரதி மரணித்ததைத் தொடர்ந்து, திகனவிலும் சுற்றுவட்டாரத்திலும் நம் வீடுகளும் கடைகளும் பள்ளிகளும் எரிந்தன. எரிக்கச் சொல்லி அழைத்த பதிவுகளும் வீடியோக்களும் முகநூலில் சிங்களத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. மார்ச் 6இல் அவசரகால நிலை. 7இல் முகநூல், வட்ஸ்அப், வைபர் தடை. ஒரு கிழமைக்கு மேல் கழித்துத்தான் முகநூல் திறந்தது. அந்தத் தடை வெறுப்பைப் பரப்பியவர்களை மட்டும் நிறுத்தவில்லை. அடுத்த ஊரில் இருக்கும் தங்கச்சி உயிரோடு இருக்கிறாளா என்று கேட்க முடியாமல் நம்மையும் நிறுத்தியது. 2020 மே மாதத்தில் முகநூல் நிறுவனம் தன் தளம் அந்த வன்முறைக்குப் பயன்பட்டதற்கு வருத்தம் தெரிவித்தது.

ஒரு வருடம் கழித்து 2019 ஏப்ரல் 21. தேவாலயங்களில் அத்தனை உயிர்கள் போன அந்த நாளுக்குப் பிறகு நம் வீடுகளில் என்ன நடந்தது? அரபு எழுத்துள்ள புத்தகங்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தோம். பழைய பதிவுகளைத் தேடித் தேடி அழித்தோம். குடும்ப வட்ஸ்அப் குரூப்பில்கூட யாரும் ஒன்றும் எழுதவில்லை. ஊர்க் குரூப்பை ‘அட்மின் மட்டும்’ என்று மாற்றினோம். மரண அறிவித்தலும் மின்வெட்டு நேரமும் மட்டும் வரும். “மகன், ஸ்கூல்ல ஒண்டும் கதைக்க வாணாம், கேட்டா தெரியா எண்டு செல்லுங்கோ.” இப்படிச் சொல்லிப் பிள்ளையை அனுப்பாத வீடு நம் ஊரில் எத்தனை? நானும் என் மகனுக்குச் சொன்னேன். அந்த வருடம் நான்காம், ஐந்தாம் தரத்தில் இருந்த பிள்ளைகள்தான் இப்போது மேல் வகுப்புகளில் என் முன்னால் இருக்கிறார்கள். வாய் திறக்கிறார்கள் இல்லை என்று நான் புள்ளி குறைத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த மௌனம் உடைந்த ஒரு நேரமும் இருந்தது. கொரோனாவில் மரணித்தவர்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்ட காலம். 2020 டிசம்பரில் பிறந்து 20 நாளேயான ஒரு குழந்தையின் ஜனாஸாவும் எரிக்கப்பட்டபோது, பொரளை கனத்தை மயானத்தின் கம்பி வேலியில் யாரோ ஒரு வெள்ளைத் துண்டைக் கட்டினார்கள். கபன் துணி. ஒன்று பத்தாகி, பத்து நூறாகியது. சிங்களவர், தமிழர், கிறிஸ்தவர், பௌத்தர் என்று எல்லோரும் வந்து கட்டினார்கள். அவிழ்த்து எறிந்தார்கள். மறுபடி கட்டினார்கள். பல ஊர்களில் வீட்டு கேட்டுகளிலும் வெள்ளைத் துணி தொங்கியது. எங்கள் தெருவிலும்தான். 2021 பெப்ரவரி 25இல் அடக்கம் செய்ய அனுமதித்து வர்த்தமானி வந்தது. ஓட்டமாவடியில் மண் கிடைத்தது. அந்தப் போராட்டத்தில் மேடை இல்லை, பேச்சாளர் இல்லை. என் படிவத்தின்படி பார்த்தால் பங்கேற்பு 5க்கு 2.

நான் இத்தனை வருடம் வகுப்பில் செய்தது என்ன? 2007இல் புதிய கலைத்திட்டத்தோடு 5இ முறை வந்தது. குழுச் செயற்பாடு கட்டாயம். நோக்கம் நல்லது. ஆனால் நாம் பிள்ளைகளுக்கு அதற்கு முன்னால் பழக்கியது என்ன? மீலாத் விழாப் பேச்சுப் போட்டி, தமிழ்த்தினப் போட்டி, மாணவர் மன்றம். ஆசிரியர் எழுதிக் கொடுப்பார், பிள்ளை மனப்பாடம் செய்யும், “தலைவர் அவர்களே” என்று தொடங்கி மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டு இறங்கும். கப் வாங்கி வரும். அந்தப் பேச்சைப் பற்றி அந்தப் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். நானே எழுதிக் கொடுத்துக் கப் வாங்கிய பேச்சுகள் உண்டு, அதனால்தான் தைரியமாகச் சொல்கிறேன். பாணந்துறையில் நின்ற தேரரும் பாதிரியாரும் அடுத்தவர் என்ன சொல்வார் என்று தெரியாமல்தான் மேடை ஏறினார்கள். கேட்டுத்தான் பதில் சொன்னார்கள்.

இந்தத் தவணை ஒரு சின்ன மாற்றம் செய்தேன். குழுவாக உட்காரும் முன்னர் ஐந்து நிமிடம் யாரும் பேசக்கூடாது. ஆளுக்கொரு துண்டுத் தாள். ஒரு கேள்வி அல்லது ஒரு மறுப்பு எழுத வேண்டும். பெயர் போட விருப்பமென்றால் போடலாம். பிறகு துண்டுகளைக் குழுக்களுக்கிடையே மாற்றிக் கொடுப்பேன். தன் கையில் வந்த துண்டுக்கு அந்தக் குழு பதில் சொல்லியே ஆக வேண்டும். முதல் நாள் 41 துண்டில் பெயர் போட்டது 6. மூன்றாம் கிழமை 23. சத்தம் கூடியிருக்கிறது. பக்கத்து வகுப்பு டீச்சர் இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்தார். பகுதித் தலைவரும் கேட்டார். பாடத்திட்டம் இரண்டு அலகு பிந்தியிருக்கிறது, அதையும் மறைக்கவில்லை.

அந்தப் பிள்ளையின் புள்ளியைத் திருத்திவிட்டேன். அவளிடம் போய், மன்னித்துக்கொள், நான் கவனிக்கவில்லை என்று சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு, “பரவால்ல ஸேர்” என்றாள். மேலே எழுதியதையெல்லாம் வகுப்பில் இரண்டு பாடவேளை எடுத்துச் சொன்னேன். அன்றைக்கு வந்த துண்டுகளில் ஒன்று அதே எறும்பு எழுத்தில் இருந்தது. இந்த முறை கீழே பெயரும் இருந்தது. கேள்வி இதுதான்: “முஸ்லிம் நேசனுக்கு கடிதம் எழுதின பொம்புளயள் ஈந்தாங்களா ஸேர்?”

அந்தத் துண்டு ஒரு குழுவின் கையில் போயிருக்கிறது. அவர்களுக்கு நான் கொடுத்த அவகாசம் தவணை விடுமுறை வரை. ஆகவே ஊராரிடம் ஒரு உதவி. உங்கள் வீட்டு அலுமாரியில், பழைய பெட்டியில், மூத்தப்பாவின் கிதாபுகளுக்கிடையில் பழைய பத்திரிகைத் துண்டோ, கடிதமோ, வானொலிக்கு எழுதிய தபாலட்டையின் பிரதியோ இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். வாப்பும்மா, உம்மும்மா யாராவது அந்தக் காலத்தில் கடிதம் எழுதியதாகக் கதை இருந்தால் அதையும் கேட்டு எழுதுங்கள். இங்கே எழுதக் கூச்சமென்றால் இன்பொக்ஸில் போடுங்கள், அல்லது பிள்ளையிடம் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்து விடுங்கள். பெயர் போடுவது உங்கள் விருப்பம்.